சேர்மன் காலத்துப் பள்ளிக்கூடம்

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பஸ்ஸில் போனால் பள்ளிப் பெயர்ப்பலகையில் இன்னும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றுதான் எழுதியிருக்கும். 1981 ஜூன் 1-ஆம் தேதி முதல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். சம்பளம், மாற்றல், தண்டனை எல்லாம் கல்வித்துறையிடம் போய்விட்டன. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அப்படி ஒரு பலகைக்குக் கீழே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளியை நிர்வகிக்கிறவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதா, மேலேயிருந்து நியமிப்பதா என்று யாராவது பேச்செடுத்தால், எங்கள் ஜில்லா இரண்டையும் பார்த்துவிட்டது என்பேன்.

முதலில் நியமனம்தான். 1884 சட்டப்படி ஜில்லா போர்டு வந்தபோது தலைவர் நாற்காலியில் கலெக்டர் உட்கார்ந்தார். 1920-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, போர்டுகளில் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்களுக்கு இடத்தை அதிகமாக்கியது. மற்றது தொடக்கக் கல்விச் சட்டம். எந்தப் பள்ளிக்கு அங்கீகாரம், எதற்கு மானியம் என்று பார்க்க ஜில்லா கல்விக் கவுன்சில்களை அது உண்டாக்கியது. ஆனால் அன்றைக்கு ஓட்டு வரி கட்டுகிறவனுக்கு மட்டும். பண்ணையத்தில் ஆளாக இருந்தவனின் பிள்ளை பள்ளியில் உட்கார்ந்திருந்தாலும் அப்பனுக்கு அதில் பேச்சில்லை.

எங்கள் பக்கம் அன்றைக்குச் சேலம் ஜில்லா. சேலத்துக்காரர்கள் ராஜாஜியை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1917-இல் சேலம் முனிசிபாலிடிக்குச் சேர்மன் ஆனவர். உள்ளூர் ஆட்சியின் அருமை தெரிந்தவர். அவரே முதலமைச்சராக இருந்த 1953-இல், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று உத்தரவு போட்டார். ஊரைக் கேட்கவில்லை. குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டம் அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது.

தேர்தலின் கதை 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகுதான் சூடு பிடித்தது. ஜில்லா போர்டுகள் போயின. தொடக்கப் பள்ளிகள் புதிய ஒன்றியங்களின் கைக்கு வந்தன. ஊராட்சித் தலைவர்கள் கூடி ஒன்றியப் பெருந்தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனங்கள் வாயில் அவர் 'சேர்மன்'. நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஊர்ப் பெரியதனக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் பள்ளிக்கு நிலம் கிடைக்கும், கட்டடத்துக்குக் கல்லும் மணலும் வண்டி கட்டி வரும். கேட்கிற இடம் பக்கத்திலேயே இருந்தது.

அதுதான் தொந்தரவும். எனக்கு முந்தைய தலைமுறை வாத்தியார்கள் ஒன்றிய ஆபீசில் சம்பளத்துக்குக் காத்து நின்ற கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மாற்றல் கதைக்கு யாரும் சிரிப்பதில்லை. என் பெரியப்பா ஒரு தேர்தலில் சேர்மனின் எதிராளிக்கு வேண்டியவர் என்று பெயர் வாங்கிவிட்டார். ஒன்றியத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆணை வந்தது. பஸ் கிடையாது, சைக்கிள்தான். "ஏனுங்க, நான் யாருக்கு ஓட்டுக் கேட்டேனுங்க?" என்று போய் நின்றாராம். பதில் வரவில்லை. இப்படிப்பட்டவர்கள் சேர்ந்து கேட்டுத்தான் 1981 வந்தது. ஆசிரியர் பிழைத்தார். ஆனால் கூரை ஒழுகினால் ஊரார் போய்க் கேட்க முன்னிருந்த வாசலும் அடைபட்டது. நடுவில் வந்த கிராமக் கல்விக் குழு, என் அனுபவத்தில், கையெழுத்து வாங்குகிற நோட்டுப் புத்தகம்.

அமெரிக்காவிலும் இதே இழுபறி உண்டு. சிகாகோவில் பள்ளி வாரியத்தை 1995 முதல் மேயர் நியமித்தார். 2024 நவம்பரில் அங்கே முதல்முறையாக, வாரியத்தின் ஒரு பகுதி இடங்களுக்குத் தேர்தல் வைத்தார்கள்.

நமக்கு 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைத் தந்தது. முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2022-இல் தமிழ்நாட்டில் புதிதாக அமைத்த குழுவில் 20 பேர், தலைவர் ஒரு மாணவரின் தாய். எங்கள் பக்கம் ஒரு பள்ளியில் நான் பார்த்தபோது, சேகோ ஆலையிலிருந்து நேராக வந்த ஒரு பெண்ணின் பெயர் கரும்பலகையில் எழுதப்பட்டது. "நமக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார். முன்வரிசையில் ஊர்ப்பெரியவர் திரும்பிப் பார்க்க, கைகள் பாதி உயர்ந்து நின்றன. நாமக்கல்லின் பேர்போன தனியார் பள்ளிகளில் இந்தத் தொல்லையே இல்லை. அரசு உதவி பெறாத பள்ளிக்கு அந்தச் சட்டப்பிரிவு பொருந்தாது. கட்டணம் கட்டுகிற பெற்றோருக்கு அங்கே ஓட்டும் இல்லை.

என் தீர்ப்பு இது. பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் கை தூக்கி அல்ல, சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டு. கூரை, கழிப்பறை, சத்துணவு, வருகைப் பதிவு எல்லாம் குழு பார்க்கட்டும். ஆசிரியர் மாற்றலை மட்டும் அதன் கையில் கொடுக்க வேண்டாம். அடுத்த முறை மறுகட்டமைப்புக் கூட்டம் என்று பிள்ளை துண்டுச்சீட்டு கொண்டுவந்தால், தறியை அரை நாள் நிறுத்திவிட்டுப் போங்கள். சீட்டுப் பெட்டி எங்கே என்று முதலில் கேளுங்கள்.