மவுண்ட் லாரல் கோட்பாடு

மவுண்ட் லாரல் கோட்பாடு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு உள்ளூராட்சியும், குறைந்த வருமானமும் மிதமான வருமானமும் உள்ளோருக்கான வீடுகளில் தனக்குரிய நியாயமான பங்குக்கு இடமளிக்க வேண்டும் எனக் கூறும் சட்டக் கோட்பாடு ஆகும். இது 1975 ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலிருந்து தோன்றியது. இம்மாநிலத்தில் 564 உள்ளூராட்சிகள் உள்ளன. இவை ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நிலப் பயன்பாட்டு விதிகளைத் தானே வகுக்கின்றது. எனவே இக்கடமை நிறைவேறுவதை யார் மேற்பார்வை செய்வது என்பது நீண்டகாலச் சிக்கலாக இருந்து வந்துள்ளது.

பின்னணி

மவுண்ட் லாரல், பிலடெல்பியா நகருக்கு அருகே பர்லிங்டன் கவுண்டியில் அமைந்துள்ள ஒரு நகரியம் ஆகும். இங்கு ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தன. 1960களில் புறநகர் வளர்ச்சி ஏற்பட்டபோது, ஏழைக் குடும்பங்கள் தாம் வளர்ந்த ஊரிலேயே வீடு பெற இயலாத நிலை உருவானது. இவர்களுக்காக 36 அடுக்குமாடி வீடுகள் கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. நகரிய நிர்வாகம் அதற்கு இசையவில்லை. நகரியத்தின் விதிகள் பெரும்பாலும் பெரிய மனைகளில் அமையும் தனிவீடுகளையே அனுமதித்தன. ஏழைகள் குடியிருக்கக் கூடாது என்று எந்த விதியும் கூறவில்லை. எனினும் மனையின் அளவைப் பற்றிய விதிகளே அவ்விளைவைத் தந்தன.

தீர்ப்புகள்

எத்தல் லாரன்ஸ் உள்ளிட்டோர் 1971 இல் வழக்குத் தொடுத்தனர். வளர்ந்து வரும் உள்ளூராட்சிகள் தம் வட்டாரத்தின் வீட்டுத் தேவையில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்று 1975 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆனால் நடைமுறையில் மாற்றம் மிகக் குறைவாகவே இருந்தது. 1983 இல் வழங்கப்பட்ட இரண்டாம் தீர்ப்பு கடுமையானது. இதன்படி, கடமையை நிறைவேற்றாத ஊரில் போதிய அளவு மலிவு வீடுகளை உள்ளடக்கிய திட்டத்துடன் வரும் கட்டுநர், உள்ளூர் விதிகளை மீறியும் கட்டுவதற்கான உரிமையை நீதிமன்றத்தின் வழியே பெறலாம்.

மேற்பார்வை அமைப்பு

1985 ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம், மலிவு வீட்டுவசதி மன்றத்தை நிறுவியது. ஒவ்வொரு ஊரும் ஏற்க வேண்டிய எண்ணிக்கையை இம்மன்றம் கணித்தது. ஊர்கள் அளிக்கும் திட்டங்களை ஆராய்ந்து சான்றும் வழங்கியது. சான்று பெற்ற ஊருக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது.

உள்ளூராட்சியின் பணிகள்

* வீட்டுவசதித் திட்டம் வகுத்து, அதற்கேற்ப நிலப் பயன்பாட்டு விதிகளைத் திருத்துதல்.
* வீட்டுவசதித் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமித்தல்.
* விண்ணப்பதாரரின் வருமானத்தைச் சரிபார்க்க நிர்வாக முகவரை அமர்த்துதல். வட்டார இடைநிலை வருமானத்தில் 50 விழுக்காடு வரை குறைந்த வருமானம் எனவும், 50 முதல் 80 விழுக்காடு வரை மிதமான வருமானம் எனவும் கொள்ளப்படும்.
* காலியாகும் வீடுகளை வட்டாரம் முழுவதும் விளம்பரப்படுத்துதல்.
* வீட்டின் விலை அல்லது வாடகை குறைந்தது 30 ஆண்டுகள் கட்டுப்பாட்டில் இருக்குமாறு பத்திரத்தில் நிபந்தனை சேர்த்தல்.
* புதிய கட்டுமானங்களிலிருந்து பெறும் கட்டணத்தைத் தனி அறக்கட்டளை நிதியில் வைத்து, வீட்டுவசதிக்கு மட்டும் செலவிடுதல்.

குறைபாடுகள்

தொடக்கத்தில் ஓர் ஊர் தன் பங்கில் பாதி வரை, பணம் செலுத்தி வேறோர் ஊருக்கு மாற்றிவிட முடிந்தது. இதனால் வசதியான புறநகர்களின் கடமை ஏழை நகரங்களுக்குச் சென்றது எனக் குறை கூறப்பட்டது. 2008 இல் இம்முறை நீக்கப்பட்டது. மறுபுறம், பள்ளிகள், சாலைகள் ஆகியவற்றின் சுமை கூடும் என்றும், உள்ளூர் அதிகாரம் பறிக்கப்படுகிறது என்றும் பல உள்ளூராட்சிகள் வாதிட்டன.

இரண்டாம் சுற்று 1999 இல் முடிந்த பின்னர், மன்றம் வகுத்த புதிய விதிகளை நீதிமன்றங்கள் இரு முறை ஏற்க மறுத்தன. மன்றம் செயலிழந்துவிட்டது எனக் கூறி, 2015 இல் உச்ச நீதிமன்றம் மேற்பார்வையை மீண்டும் நீதிமன்றங்களிடமே ஒப்படைத்தது. 2024 ஆம் ஆண்டுச் சட்டம் மன்றத்தைக் கலைத்தது. அதன்படி மாநிலச் சமூக விவகாரத் துறை எண்ணிக்கைகளைக் கணித்து வெளியிடுகிறது. பிணக்குகளைத் தீர்க்க நீதித்துறையில் தனி ஏற்பாடு உள்ளது. நான்காம் சுற்று 2025 சூலை முதல் 2035 சூன் வரையிலானது.

எத்தல் லாரன்ஸ் இல்லங்கள்

வழக்குத் தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின், 2000 ஆம் ஆண்டில் மவுண்ட் லாரலில் மலிவு வாடகை வீடுகளில் முதல் குடும்பங்கள் குடியேறின. இங்கு 140 வீடுகள் கட்டப்பட்டன. எத்தல் லாரன்ஸ் 1994 இலேயே காலமாகிவிட்டார். குடியிருப்புக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. சமூகவியலாளர் டக்ளஸ் மாசியும் பிறரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, இக்குடியிருப்பால் சுற்றுப்புறத்தில் குற்றங்கள் கூடவோ வீட்டு மதிப்புக் குறையவோ இல்லை எனக் கண்டறிந்தது.