சத்தம் போடாத பிழை

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லூரிப் பாடத்துக்காக விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அதற்கான மென்பொருளைப் போட்டுப் பட்டனை அழுத்தினால், விடி-எக்ஸ் வசதி பயாஸில் அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பிழைச் செய்தி வருகிறது. மூன்று முறை மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டிருக்கிறான். "தாத்தா, நீங்க ஆபீஸ்ல இதையெல்லாம்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்றான்.

கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போடும்போதே பயாஸுக்குள் போய், ஒரே ஒரு வரியை மாற்றினேன். லினக்ஸ் எழுந்து உட்கார்ந்தது. "அவ்வளவுதானா?" என்று கேட்டான். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நாற்பது வருடக் கதை இருக்கிறது. அந்தக் கதையின் வால் பக்கம் என் தப்பு ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒண்டுக்குடித்தனத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரே வீடு, எட்டுக் குடும்பம், ஒரே மெயின் சுவிட்ச், மொட்டை மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. மெய்நிகர் இயந்திரம் என்பதும் அதேதான். ஆபீசில் விஎம் என்போம். ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் குடியிருக்கும். ஒவ்வொன்றும் தனி வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மேய்க்கும் வீட்டுக்காரருக்குப் பெயர் ஹைப்பர்வைசர். அந்தக் காலத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை சூப்பர்வைசர் என்பார்கள். அதற்கும் மேலே ஒருவர் என்பதால் இந்தப் பெயர்.

இது புதுச் சரக்கு இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் ஒரு ஆய்வு மையம் வைத்திருந்தது. அங்கே ராபர்ட் க்ரீஸி தலைமையில் ஒரு சின்னக் குழு 1964 கடைசியில் வேலையை ஆரம்பித்தது. 360 வரிசையின் 40ஆம் மாடல் ஒன்றில் கூடுதல் வன்பொருள் சேர்த்து, சிபி-40 என்ற அமைப்பை 1967 ஜனவரியில் உபயோகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே இயந்திரத்தில் 14 பேர் வரை, ஆளுக்கொரு தனி 360 இருப்பதுபோல வேலை செய்யலாம். ஒருவருடைய புரோகிராம் குப்புற விழுந்தால் அவருடைய இயந்திரம் மட்டுமே நிற்கும், மற்ற 13 பேருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அடுத்து சிபி-67 வந்தது. அதன் பின் 1972 ஆகஸ்டில் விஎம்/370 அறிவிக்கப்பட்டது. சென்னை ஐஐடியில் இருந்த ஐபிஎம் 370 சில வாசகர்களுக்கு நினைவிருக்கலாம், அந்த வரிசைக்கான மென்பொருள்தான் இது. புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைச் சோதிக்க லட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தை ராத்திரியில் காலி செய்து தர வேண்டியிருந்த காலத்தில், இது பெரிய வரம்.

இது நடப்பது எப்படி? இங்கேதான் ரசமான விஷயம் இருக்கிறது. குடித்தனக்காரர் தன் அறைக்குள் எதை வேண்டுமானாலும் செய்யலாம். மெயின் சுவிட்சில் கை வைத்தால் மட்டும் மணி அடிக்கும். வீட்டுக்காரர் ஓடி வந்து, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் அந்த வேலையைத் தானே செய்து கொடுத்துவிட்டுப் போவார். குடித்தனக்காரர், தானே செய்ததாக நினைத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் பாஷையில் அந்த மணி என்பது ஒரு பிழை. உள்ளே இருக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம், தனக்கு உரிமையில்லாத கட்டளையைக் கொடுக்கும்போது பிராசசர் தடுத்துக் குரல் கொடுக்கிறது. ஹைப்பர்வைசர் அதைப் பிடித்துச் சரிசெய்கிறது. ஆக, நொடிக்கு ஆயிரக்கணக்கில் எழும் பிழைகளின் மேல்தான் இந்த மாளிகை நிற்கிறது. 1974ல் ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இருவர் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார்கள். இயந்திரத்தின் நிலையைத் தொடும் கட்டளை ஒவ்வொன்றும், உரிமையில்லாதவர் கொடுத்தால், தவறாமல் மணி அடிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் வீட்டு மேசைகளுக்கு வந்த இன்டெல் பிராசசர்கள் அந்த விதிப்படி கட்டப்பட்டவை அல்ல. 2000ல் வெளியான ஓர் ஆய்வில், பென்டியத்தில் 17 கட்டளைகள் விதியை மீறுவதாகக் கணக்கெடுத்தார்கள். உதாரணத்துக்கு பாப்எஃப் என்று ஒன்று. உரிமையில்லாத இடத்தில் அதைக் கொடுத்து, குறுக்கீடுகளை நிறுத்து என்று சொன்னால், பிராசசர் நிறுத்தவும் செய்யாது, மணியும் அடிக்காது. சும்மா இருந்துவிடும். குடித்தனக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி வயரில் கை வைப்பார். வீட்டுக்காரருக்கோ தகவலே போகாது.

இதனால் பிசியில் விஎம் நடக்காத காரியம் என்று பலர் கைவிட்டிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்ப்ளமும் அவருடைய மாணவர்களும் 1997ல் டிஸ்கோ என்ற ஆராய்ச்சி ஹைப்பர்வைசரைச் செய்துகாட்டினார்கள். அவர்களும் டயான் க்ரீனும் சேர்ந்து 1998ல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மணி அடிக்காத கட்டளைகளை, ஓடுவதற்கு முன்பே தேடிப் பிடித்து, வேறு கட்டளைகளாக மாற்றி எழுதிவிடுவது அவர்களுடைய உத்தி. அடுத்த வருடமே அது விற்பனைக்கு வந்தது. 2005 கடைசியில் இன்டெலும், 2006ல் ஏஎம்டியும் பிராசசரிலேயே வழி செய்தன. இன்டெல் அதற்கு வைத்த பெயர்தான் விடி-எக்ஸ். பல கம்ப்யூட்டர்களில் அதை அணைத்தே அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பேரன் முட்டிக்கொண்டு நின்றது அந்த வாசலில்.

இனி என் கதை. 2009ல் எங்கள் அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்காக ஒரு சர்வரில் ஹைப்பர்வைசர் போட்டு, 9 விஎம்கள் வைத்திருந்தோம். பொறுப்பு என்னுடையது. ஆளுக்கு 100 ஜிபி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். உண்மையில் இருந்த டிஸ்க் 600 ஜிபி. எல்லாரும் ஒரே நேரத்தில் முழுசாக எடுக்க மாட்டார்கள் என்ற கணக்குதான், மாடித் தொட்டியை நம்பி எட்டுக் குடும்பமும் குடம் வைப்பதுபோல.

ஒருநாள் காலையில் நான்கு விஎம்கள் உறைந்து நின்றன. உள்ளே பார்த்தால் ஒன்றில் டிஸ்கில் எழுத முடியவில்லை என்கிறது, இன்னொன்றில் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்கிறது. முந்தின ராத்திரி ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு பெண், வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் சோதனைத் தரவை மொத்தமாக ஏற்றியிருந்தார். "அவங்க ஏத்தினதுலதான் எல்லாம் போச்சு" என்று பேச்சு கிளம்பியது. பழைய பேக்கப்பை எடுத்துப் போட்டதில் நாலு பேருடைய 9 நாள் உழைப்பு போயிற்று.

மாடியில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாயைத் திருகிப் பயனில்லை, தொட்டியைப் பார்க்க வேண்டும். அன்று மாலையே ஹைப்பர்வைசரின் லாகைத் திறந்தேன். ராத்திரி டிஸ்க் நிரம்பியிருக்கிறது. நிரப்பியது ஒரு ஸ்னாப்ஷாட். ஸ்னாப்ஷாட் எடுத்தால் பழைய டிஸ்க் அப்படியே நின்றுவிடும், அதன் பிறகு வரும் மாற்றமெல்லாம் தனிக் கோப்பில் சேர்ந்து வளரும். வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். இது 5 வாரமாக அழிக்கப்படாமல் வளர்ந்திருக்கிறது. எடுத்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

எச்சரிக்கை வரவில்லையா? தினமும் வந்தது. இடம் குறைகிறது என்று மின்னஞ்சல் வந்துகொண்டே இருந்தது. தொல்லையாக இருக்கிறதென்று அவை தனி ஃபோல்டருக்குப் போகும்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

அந்த லாகைத் திறக்கும் பாஸ்வேர்டு என்னிடம் மட்டுமே இருந்தது. இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. ஓய்வுக்குச் சில வருடமே இருந்தது, பெயர் கெடுமே என்ற பயம். அந்த இரண்டு நாளும் அந்தப் பெண் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் லாகைப் பிரிண்ட் எடுத்து, என் பெயர் இருந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, மேலதிகாரி மேசையில் வைத்தேன். எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. அவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்ல சார், லாக் இருந்துச்சே" என்று மட்டும் சொன்னார். லாக் முதல் நாளே இருந்தது என்பது அவருக்கும் தெரியும்.

பேரனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மூன்று முறை அழித்துப் போட்டாயே, அந்தச் செய்தியை ஒரு முறையாவது முழுசாகப் படித்தாயா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்று சிரித்தான்.