பவளம் இல்லாத தொட்டி

தென்காசியிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் எங்கள் ஊர்த் தண்ணீர் கடைசியில் அந்தக் கடலுக்குத்தான் போகிறது. குற்றாலத்தில் விழுவது சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இதே காரியத்தை நான் வீட்டுக்குள் குறுக்கு வழியில் செய்துகொண்டிருக்கிறேன். நல்ல தண்ணீரை வடிகட்டி, உப்பைக் கலந்து, 200 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் கடலாக்கி வைத்திருக்கிறேன்.

இந்தத் தொட்டியைப் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்வியை என் பெரியப்பா சுருக்கமாகக் கேட்டார். "கடல் தண்ணிக்கு எதுக்குலே இம்புட்டு ரூவா? தூத்துக்குடி உப்பு ஒரு மூடை வாங்கிப் போட்டா சோலி முடிஞ்சுதுல்லா?"

நியாயமான கேள்வி. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிகம் உப்பு விளைகிற மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பகுதி தூத்துக்குடி உப்பளங்களில் விளைவது. அப்படியிருக்க, நான் வெளிநாட்டிலிருந்து வாளியில் அடைத்து வரும் உப்பை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறேன். காரணம் உப்பளத்தின் வேலைமுறையிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் நாம் சாப்பிடுகிற சோடியம் குளோரைடு. பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் அடுத்து ஜிப்சமும் அடியில் தங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு நீர் மிஞ்சுகிற கட்டத்தில்தான் உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கும் பிறகு எஞ்சுகிற கசப்பு நீரில்தான் மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் போய்ச் சேர்கின்றன. அதை வடித்துக் கொட்டிவிடுவார்கள். மூடையில் வருவது இப்படித் தலையும் வாலும் நறுக்கிய கடல். குழம்புக்கு அது போதும். எலும்புக்கூடு கட்டுகிற ஒரு பவள உயிருக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் 1300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியமும் வேண்டும்.

என் தொட்டியில் பவளம் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பவளம் வளர்க்கத் தேவையான எல்லாம் இருக்கிறது. நீல வெளிச்சம், நுரையோடு அழுக்கை இழுக்கிற ஸ்கிம்மர், சித்திரை வெயிலிலும் 26 டிகிரியைத் தாண்டவிடாத சில்லர். ஆவியாகிப்போகிற தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீரை மட்டும் சேர்க்கிற ஒரு சின்ன மோட்டாரும் உண்டு (உப்பு ஆவியாகாது, அதனால் உப்பு நீரை ஊற்றினால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறும்). ஆனால் கல்லெல்லாம் செராமிக். பவளம் மட்டும் இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் பெரிய வரலாறு ஒன்று இருக்கிறது. தொடக்கம் லண்டனில்.

1846-இல் அன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்வே கடற்கரையில் சின்னச் சின்னக் கல்பவளங்களைப் பார்த்தார். குளிர்கடலிலும் தனித்தனியாக வளர்கிற வகை அவை. கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பாதிரியார். அந்தப் பவளங்களை ஒரு பஞ்சில் ஊசி நூலால் தைத்து, ஜாடியில் போட்டு லண்டன் வரை கொண்டுவந்துவிட்டார். அங்கே கடல் நீருக்கு எங்கே போவது? அதே தண்ணீரை ஜன்னல் ஓரத்தில் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, நாம் டீ ஆற்றுவதுபோல, அரைமணி முக்கால்மணி நேரம் ஆற்ற வேண்டியிருந்தது. காற்று கலந்தால் தண்ணீர் கெடாது. இதைச் செய்தது வீட்டு வேலைக்காரப் பெண். பிறகு கடல்பாசியையும் உள்ளே விட்டார்கள். பவளங்கள் மூன்று வருடத்துக்கு நெருக்கமாக உயிரோடிருந்தன. கடல் உயிர்களை நெடுநாள் தாக்குப்பிடிக்க வைத்த முதல் தொட்டி என்று இதைத்தான் சொல்கிறார்கள். அன்னாவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. உலகின் முதல் ஏர் பம்ப்பாக இருந்த அந்தப் பெண்ணின் பெயரை யாரும் சொல்வதில்லை.

1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் கண்ணாடித் தொட்டிகளோடு 'மீன் வீடு' திறந்தது. அதற்கு உயிரினங்களைப் பிடித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிலிப் ஹென்றி காஸ். அடுத்த வருடம் அவர் எழுதிய 'தி அக்வேரியம்' புத்தகம்தான் அந்தச் சொல்லையே நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுபோனது. ரயிலேறி வந்த ஜனம் வாளியும் உளியுமாகப் பாறைக்குட்டைகளில் இறங்கியது. அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் தன் தந்தையைப் பற்றி எழுதும்போது, அந்தக் கரைகள் எப்படி மொட்டையடிக்கப்பட்டன, அதில் தந்தையின் புத்தகங்களுக்கு என்ன பங்கு என்பதையெல்லாம் எழுதியிருக்கிறார். ஐம்பது வருடத்துக்குள் பொழுதுபோக்கு தன் விளைநிலத்தையே தின்றுவிட்டது.

அந்த அலை மெட்ராஸுக்கு வர கொஞ்சம் காலமாயிற்று. கொண்டுவந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885-இல் மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்தவர். ஊர்க்காரர்கள் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். தர்ஸ்டன் செத்த காலேஜின் தலைவர். வந்த சில வருடங்களிலேயே ராமேஸ்வரம் பக்கம் போய் 1887-இல் அங்கிருந்த கடல் உயிர்களைப் பற்றியும், 1890-இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றியும் எழுதினார். 1909 அவருக்குப் பெரிய வருடம். தென்னிந்திய சாதிகளையும் பழங்குடிகளையும் பட்டியலிட்ட ஏழு தொகுதிகள் வந்தது அப்போதுதான். அவர் போட்ட திட்டத்தில் மெரினாவில் கடல் அக்வேரியம் திறந்ததும் அதே வருடம்தான். மனிதர்களின் மூக்கை அளந்து அட்டவணை போட்டவரும் மீனைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டியவரும் ஒரே ஆள் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சீட்டு.

ஆசியாவின் முதல் கடல் அக்வேரியம் என்று அதைச் சொல்வதுண்டு. கடல் பக்கத்திலேயே இருந்ததால் என்னைப்போல உப்பு வாளிக்கு அழவேண்டிய தேவை அதற்கில்லை. 1919-இல் மீன்துறையின் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் குண்டுபோடும் என்ற பயத்தில் மூடப்பட்டது. அந்தப் பயம் வெறும் பேச்சாக இருக்கவில்லை. 1942 ஏப்ரலில் ஊரே காலியானபோது உயிர் காலேஜின் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். போர் முடிந்த பிறகும் பழைய அக்வேரியம் திரும்பி வரவில்லை.

நம் ஆட்கள் பவளத்தைக் கண்ணாடிக்குள் பார்த்தது இப்படிக் கொஞ்ச காலம். சுவரில் பார்த்தது அதைவிட ரொம்பக் காலம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நவரத்தினத்தில் வருகிற சிவப்புப் பவளம் மன்னார் வளைகுடாச் சரக்கு இல்லை. அது மத்தியதரைக் கடலிலிருந்து கப்பலேறி வந்தது. ரோமானியர்கள் முத்துக்கு எவ்வளவு ஆசைப்பட்டார்களோ அவ்வளவு இந்தியர்கள் பவளத்துக்கு ஆசைப்பட்டார்கள் என்று பிளினி முதல் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். கொற்கையிலிருந்து முத்து போக, அங்கிருந்து பவளம் வந்தது. நம் கடலில் இருப்பது பவளப்பாறை. வெள்ளையாக, சொரசொரவென்று, நகைக்கு ஆகாத கல். அதை ரத்தினமாக யாரும் நினைக்கவில்லை. கட்டடக் கல்லாகத்தான் நினைத்தார்கள்.

1964 புயலில் போன தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கல்லிலும் தேன்கூடு மாதிரி துளைகள் தெரியும். அத்தனை துளையிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் உட்கார்ந்திருந்தது. கட்டுக்கல்லாகப் போனது ஒரு பகுதி. காளவாசலில் வெந்து சுண்ணாம்பாகப் போனது இன்னொரு பகுதி. இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளும் சேர்ந்துகொண்டன. சிமென்டுக்கும் கால்சியம் கார்பைடுக்கும் கல் தேவைப்பட்டது. மீன் கிடைக்காத நாட்களில் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடப்பாரையால் நெம்பி எடுத்துவந்தால் கூலி நிச்சயம். வெட்டியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சுண்ணாம்பு அடித்த வீடுகளில் இருந்தவர்களும், அந்தச் சிமென்டு பூசியவர்களும் கரையில் இருந்தார்கள்.

வேதியியலில் இதற்கு ஒரு வினோதமான மறுபக்கம் உண்டு. பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட். அதைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு, தண்ணீர் ஊற்றினால் நீற்றிய சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுகிறோமே, அந்தச் சாமான்தான். 1970-களில் ஜெர்மன் மொழியில் எழுதிய பீட்டர் வில்கன்ஸ் தொட்டிப் பவளங்களுக்கு ஒரு மருந்து சொன்னார். பெயர் கால்க்வாசர். பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய விஷயம்போல இருக்கும். தமிழில் அது தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். ராத்திரியில் சொட்டுச்சொட்டாக விட்டால் பவளம் அதிலிருக்கும் கால்சியத்தை இழுத்து உடம்பு கட்டும். அதுவரை ஐரோப்பியத் தொட்டிகளில் கல்பவளம் சில மாதம் இருந்து செத்துப்போவதே வழக்கம். (ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961-இலேயே, கடலிலிருந்து உயிரோடு எடுத்த கல்லும் வெயிலும் காற்றுக்குமிழியும் போதும் என்று எழுதிக்காட்டியிருந்தார். அவருக்குக் கடல் பக்கத்தில் இருந்தது, படித்தவர்களுக்கு இல்லை.) ஆக, உலகத்தின் ஒரு மூலையில் பவளம் வளரச் சுண்ணாம்பு ஊற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எங்கள் கடற்கரையில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை எரித்துக்கொண்டிருந்தார்கள்.

1986-இல் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். கல் வெட்டுவது அதனால் நின்றுவிடவில்லை. தீவைச் சுற்றியிருக்கிற பாறையை எடுத்துவிட்டால் அலை நேராக மணலில் அடிக்கும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 21 என்று இன்னமும் எழுதுகிறோம். வெளியே தெரிவது 19.

2001 ஜூலையில்தான் மத்திய அரசு கல்பவளங்கள் அத்தனையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. கூடவே கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் குதிரை. முதல் அட்டவணை என்றால் புலி இருக்கிற அட்டவணை. ஒரு பவளத்துண்டை எடுத்து வருவது சட்டத்தின் கண்ணில் வேட்டை. செத்த துண்டுக்கும் இதுவே. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. தீவும் பாறையும் முன்னால் நின்று தடுத்ததால்தான் நம் கரை தப்பியது என்ற எண்ணம் அந்தப் பக்கத்து ஊர்களில் வலுப்பட்டது. 2005-க்குப் பிறகு கல் வெட்டுவது நின்றது.

என் தொட்டியின் வெறுமைக்கு இதுதான் காரணம். சட்டம் பயன்பாட்டைப் பார்ப்பதில்லை. லாரி லாரியாகக் காளவாசலுக்குப் போன கல்லும், நான் விரல்நுனி அளவுக்கு வாங்கி வருடக்கணக்கில் வளர்க்கக்கூடிய துண்டும் அதற்கு ஒன்றுதான். தொட்டிக்காரர்கள் கூடினால் இதைப் பற்றிய புலம்பல் இல்லாமல் பேச்சு முடியாது. 'நாங்க வளர்க்கத்தானே செய்றோம், அழிக்கவா செய்றோம்?' என்பார்கள். கள்ளச் சந்தையில் கிடைக்கவும் செய்கிறது. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. கடை அலமாரியில் இருக்கிற துண்டு பண்ணையில் வளர்ந்ததா, ராத்திரியில் தீவிலிருந்து உடைத்ததா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்ல முடியாத இடத்தில் விலை மட்டும்தான் பேசும். காஸின் வாசகர்களும் தாங்கள் இயற்கையை நேசிப்பதாகத்தான் நினைத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது சின்ன உளிதான்.

பவளம் இல்லாவிட்டாலும் தொட்டி காலியாக இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் தொடங்கியது. தலைமையகம் பின்னால் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் வேலை நிற்கவில்லை. அங்கேயும் விழிஞ்ஞத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும், கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிற முறையை உருவாக்கினார்கள். கேட்க எளிது. ஆண் மீன் ஒரு வாரம் துடுப்பால் விசிறி விசிறி முட்டையைக் காக்கும். பொழுது சாய்ந்து இருட்டிய பிறகுதான் குஞ்சு வெளியே வரும். வந்த குஞ்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் தீனி வேண்டும், அந்த ரோட்டிஃபருக்குப் பச்சைப் பாசி வேண்டும். அப்பாவுக்கு முன்னால் பாசி, பாசிக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சி மாணவரின் தூக்கம். சுமார் இரண்டு வாரத்தில் வெள்ளைப் பட்டை விழ ஆரம்பிக்கும். என் தொட்டியில் இருக்கும் ஜோடி அப்படிக் குஞ்சுப்பண்ணையில் பிறந்தது. கடலைப் பார்த்ததில்லை. பிறக்கும்போது எல்லாம் ஆண். இரண்டில் பெரியது பெண்ணாக மாறிவிட்டது, இப்போது சின்னதை விரட்டிக்கொண்டே இருக்கிறது.

துண்டு உடைத்து நட்டு வளர்க்கிற கைத்தொழில் நம் கரையிலும் நடக்கிறது, தொட்டியில் அல்ல, கடலுக்குள். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் அனுமதியோடு இதைச் செய்கிறது. மான்கொம்பு போலக் கிளைக்கிற வேகமான இனங்களிலிருந்து துண்டு எடுத்து, சிமென்டுப் பலகையில் கட்டி, வெட்டுப்பட்ட பாறைகளுக்கு நடுவே கடலடியில் இறக்குகிறார்கள். துண்டு புதிய இடத்தைப் பற்றிக்கொள்ளும்வரை தேடிவந்து மூடும் பாசியைத் துடைத்துவிட வேண்டும். நான் தொட்டிக் கண்ணாடியைச் சுரண்டுகிற அதே வேலை, அவர்கள் முதுகில் காற்று சிலிண்டரோடு செய்கிறார்கள். 2010-இலும் 2016-இலும் கோடையில் கடல் சூடேறி, பவளங்கள் தங்களுக்குள் வாழும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்தன. 2016-இல் நிறையவே செத்தன. நடும் வேலை அதன் பிறகும் தொடர்ந்தது.