பிடிக்காத கருத்தைச் சொன்ன மாணவரைக் கல்லூரி நீக்க முடியுமா?

2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடந்துகொண்டிருந்த நாட்களில், புனேயில் பொறியியல் படித்து வந்த ஜம்மு காஷ்மீரைச் சேர்ந்த 19 வயது மாணவி ஒருவர், அரசை விமர்சிக்கும் பதிவொன்றை இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார். மிரட்டல்கள் வரவே இரண்டு மணி நேரத்தில் அதை நீக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டார். அவர் தரப்பைக் கேட்காமலேயே கல்லூரி அவரை நீக்கியது. காவல்துறை கைது செய்து எரவாடா சிறைக்கு அனுப்பியது. மே 27 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அவரை விடுவிக்க உத்தரவிட்டதோடு, நீக்க ஆணையையும் நிறுத்திவைத்துத் தேர்வு எழுத வழி செய்தது.

கல்மண்டபம், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் அதிகம். "ஸ்டேட்டஸ் எதுவும் வைக்காதே, வாயை மூடிக்கொண்டு படி" என்பதுதான் அவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் அறிவுரை. பெற்றோரின் அச்சம் நியாயமானதே. ஆனாலும் சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்பது தெரியாமல் அஞ்சுவதால் பயனில்லை.

அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) அதற்கான வரம்புகளைச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இந்தப் பட்டியலில் 'ஒருவர் மனம் புண்பட்டது' என்பது இல்லை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. இடஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. போராட்டம் வரும், கலவரம் வரும் என்று சொல்லி ஒரு கருத்தை அரசு முடக்கக்கூடாது, வன்முறையைத் தடுப்பதுதான் அரசின் வேலை என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்தப் படத்தின் கருத்தை நம்மில் பலர் ஏற்க மாட்டோம். ஆனால் அதன் பெயரால் வந்த தீர்ப்பு இன்று எல்லோருக்கும் பயன்படுகிறது.

இந்த உரிமையை மதிக்கும் கடமை அரசுக் கல்லூரிகளுக்கு நேரடியாகவே உண்டு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி போன்றவை சாசனத்தின் 12-வது பிரிவின்படி 'அரசு' என்ற வரையறைக்குள் வருபவை. தனியார் கல்லூரிகளை அடிப்படை உரிமைகள் அதே அளவுக்கு நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கும் விசாரணையே இல்லாமல் நீக்கினால் நீதிமன்றம் தலையிடும் என்பதைப் புனே வழக்கு காட்டியது.

அமெரிக்காவில் இதே கேள்வி 1973-லேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. மிசௌரி அரசுப் பல்கலைக்கழக மாணவி ஒருவர், அருவருப்பான கேலிச்சித்திரம் இருந்த பத்திரிகையை விநியோகித்ததற்காக நீக்கப்பட்டார். நல்ல ரசனைக்கு எவ்வளவு ஒவ்வாததாக இருந்தாலும், நாகரிகத்தைக் காரணம் காட்டி ஒரு அரசுப் பல்கலைக்கழகம் கருத்தைத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பாகி அவர் மீண்டும் சேர்க்கப்பட்டார். நம் நாட்டில் சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை, நடைமுறையும் சீராக இல்லை.

2015 மே மாதம் சென்னை ஐஐடி, அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. பெயரில்லாத ஒரு புகார்க் கடிதத்தை மத்திய மனிதவள அமைச்சகம் அனுப்பி வைத்ததுதான் தொடக்கம். நாடெங்கும் எதிர்ப்பு எழ, ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பியது. 2023-ல் பிபிசி ஆவணப்படத் திரையிடல் தொடர்பாக டெல்லிப் பல்கலைக்கழகம் ஒரு ஆய்வு மாணவருக்கு விதித்த தடையை, இயற்கை நீதி மீறப்பட்டதாகக் கூறி டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அரசியல் செயல்பாட்டுக்காக இரண்டு ஆண்டுகள் இடைநீக்கிய தலித் ஆய்வு மாணவரின் கதை வேறு. உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் மீண்டும் படிக்க வழிவிட்டது, ஆனால் அவர் இழந்த காலத்தைத் தண்டனையாகவே வைத்துக்கொண்டது. வென்றாலும் படிப்பில் ஓராண்டு போய்விடுகிறது என்பதை மறக்கக்கூடாது.

காவல்துறை வழக்குகளைப் பொறுத்தவரை, இம்ரான் பிரதாப்கடி எம்.பி. பகிர்ந்த கவிதைக்காகக் குஜராத்தில் பதிவான வழக்கை 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது முக்கியமானது. பேச்சைத் திடமான மனமுள்ள, நியாயமான மனிதரின் அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும், எதிலும் ஆபத்தைக் காணும் பலவீனமான மனதின் அளவுகோலால் அல்ல என்றது நீதிமன்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில், வழக்குப் பதியும் முன் பிஎன்எஸ்எஸ் 173(3)-ன்படி முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்றும் சொன்னது.

இனி நம் பக்கம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் பதிவுகள் வரும்போது உள்ளம் கொதிக்கிறது. அதற்குச் சட்டமும் இருக்கிறது: பழைய 295ஏ, இன்றைய பிஎன்எஸ் 299. ஆனால் 1957-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியபடி, அது வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்யப்படும் அவமதிப்புக்கு மட்டுமே பொருந்தும். பொருந்தினால் புகார் கொடுப்பது நம் உரிமை. அதைத் தாண்டி, ஒரு மாணவர் நமக்குப் பிடிக்காததை எழுதினார் என்பதற்காக அவரைக் கல்லூரியிலிருந்து நீக்கு என்று கோரினால், அதே கோரிக்கை நாளை நம் பிள்ளைகளுக்கு எதிராக முதல்வர் அறைக்குப் போகும். புனேயில் அதுதான் நடந்தது.

கல்லூரி ஒழுங்கு நடவடிக்கையே எடுக்கக்கூடாது என்று பொருளல்ல. வகுப்பைக் குலைப்பது, ஒருவரைக் குறிவைத்து மிரட்டுவது, சாதி சொல்லி இழிவுபடுத்துவது, ராகிங் ஆகியவை கருத்துரிமைக்குள் வராது.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், முதலில் புகாரின் நகலையும் ஆதாரத்தையும் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். பதிவின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். யாரோ தட்டச்சு செய்து நீட்டும் மன்னிப்புக் கடிதத்தில் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். கெடுவுக்குள் பதில் கொடுத்து, நேரில் விளக்க வாய்ப்புக் கேளுங்கள். இடைநீக்கம் வந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு இருக்கிறது. அதற்கான சட்டப் பணிக் குழு, பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது.