பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (13 ஏப்ரல் 1930 – 8 அக்டோபர் 1959) தமிழ்க் கவிஞர், திரைப்படப் பாடலாசிரியர், பொதுவுடைமை இயக்கத்தவர். வயலிலும் உப்பளத்திலும் கடலோரத்திலும் உடலுழைப்பால் பிழைத்து, பின்பு சென்னைக்கு வந்து, ஐந்தாறு ஆண்டுகளில் ஏறக்குறைய 200 திரைப்பாடல்களை எழுதினார். இருபத்தொன்பதாம் வயதில் இறந்தார். மக்கள் கவிஞர் என்ற அடைமொழி இல்லாமல் அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

ஊரும் பிழைப்பும்

தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காடு அவர் பிறந்த ஊர். தந்தை அருணாசலம் பிள்ளை, தாய் விசாலாட்சி. தந்தையும் பாட்டுக் கட்டுபவர். முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி என்ற நூல் அவர் இயற்றியது. கும்மியும் தெம்மாங்கும் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு மட்டும் வாய்க்கவில்லை. திண்ணைப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் இருந்ததோடு சரி. மீதி எழுத்தறிவுக்கு அண்ணன் கணபதிசுந்தரம் துணை.

காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி அது. 1934-இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்த பிறகே பட்டுக்கோட்டைப் பக்கம் ஆற்றுநீரை நம்பி நெல் போட முடிந்தது. தண்ணீர் வராத ஆண்டில் கூலிக்காரர் வேறு வேலை தேடித்தான் ஆக வேண்டும். கல்யாணசுந்தரம் செய்த தொழில்கள் பதினேழு என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உழவு, மாடு மேய்ப்பு, மாட்டு வியாபாரம், மாம்பழம், தேங்காய், கீற்று, இட்லி, முறுக்கு விற்பது, உப்பளக் கூலி, மீன் நண்டு பிடிப்பது, தண்ணீர் வண்டி ஓட்டுவது, இயந்திரம் ஓட்டுவது என்று அது நீளும். பாடகர், நடிகர், நடனக்காரர் என்பவையும் அதில் சேரும். கவிஞர் என்பது கடைசியில்தான் வருகிறது.

இந்தப் பட்டியலைச் சுவையான செய்தியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் உண்டு. அப்படி நகர்ந்துவிடக் கூடாது. நண்டு பிடிப்பதையே எடுத்துக்கொள்வோம். சென்னை பட்டினப்பாக்கத்திலும் சீனிவாசபுரத்திலும் விடிகாலையில் மணலில் குந்தி வலை பிரிப்பவர்களைப் பார்த்தால் அந்த வேலை என்னவென்று தெரியும். வலைக்கண்ணில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்ற வேண்டும். ஒடிந்தால் விலை இறங்கிவிடும். அவசரப்பட்டால் கையைக் கடிக்கும், வலையும் கிழியும். இரவெல்லாம் கடலில் கிடந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்ட பிறகு, விலை சொல்பவர் வேறு ஒருவர். உப்பு, முறுக்கு, கீற்று, மாடு எல்லாவற்றிலும் இதே கதைதான். உழைத்தவன் கையில் பொருள் இருக்கிறது. அதன் விலை அவன் கையில் இல்லை. இந்த ஒரு கணக்கைப் பதினேழு இடங்களில் போட்டுப் பார்த்தவர் கல்யாணசுந்தரம். அவர் பாட்டில் வரும் பொருளாதாரம் புத்தகம் படிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் பாட்டு பதினைந்து, பதினாறு வயதில் பிறந்தது. துறையான்குளத்தின் கரையில் உட்கார்ந்திருந்தபோது தண்ணீரில் துள்ளிய கெண்டைக் குஞ்சைப் பார்த்துப் பாடியது. குளத்தின் அழகையோ மீனின் பளபளப்பையோ அது பாடவில்லை. தூண்டில்காரன் வரும் நேரம், தப்பிப் போய்விடு என்று குஞ்சுக்கு எச்சரிக்கை சொல்கிறது. மீன் பிடித்துப் பிழைத்த பையன் மீனின் பக்கம் நின்று பாடிய பாட்டு. பின்னாளில் சின்னஞ்சிறுவர்களைப் பார்த்து அவர் எழுதிய புத்திமதிப் பாடல்களின் குரல் அந்தக் குளக்கரையிலேயே தொடங்கிவிட்டது.

இயக்கம்

அவர் வாலிபப் பருவத்துத் தஞ்சை கொதித்துக்கொண்டிருந்தது. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுவதும் தண்டனையாக இருந்த காலம். 1940-களில் பி. சீனிவாசராவ் முதலானோர் கட்டிய விவசாயிகள் சங்கம் சேரிதோறும் செங்கொடி ஏற்றியது. 1940-களின் இறுதியில் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. 1950 மே மாதத்தில் அந்த இயக்கத்தைச் சேர்ந்த வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் பட்டுக்கோட்டைப் பகுதியிலேயே காவல்துறையின் குண்டுக்குப் பலியானார்கள். அப்போது கல்யாணசுந்தரத்துக்கு வயது இருபது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் திராவிட இயக்கத்தின் பால் ஈர்ப்புக் கொண்டிருந்தவர், விவசாயிகள் இயக்கத்தின் வழியே பொதுவுடைமைக் கட்சிக்கு வந்து, கடைசிவரை அங்கேயே நின்றார். பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் நெருங்கிய அன்பைப் பெற்றார். கட்சி ஏடான ஜனசக்தி அவர் கவிதைகளை வெளியிட்டது.

நாடகமும் பாவேந்தரும்

நடிப்பின் மீது ஆசை கொண்டு சக்தி நாடக சபாவில் சேர்ந்தார். சிவாஜி கணேசன் உள்ளிட்ட பலரை உருவாக்கிய குழு அது. அதை நடத்திய சக்தி டி. கே. கிருஷ்ணசாமிதான் பின்னர் வீரபாண்டிய கட்டபொம்மன் படத்துக்கு வசனம் எழுதியவர். மேடையில் பாட்டு எங்கே வர வேண்டும், எந்தச் சொல்லுக்குக் கூட்டம் நிமிரும் என்பதைக் கல்யாணசுந்தரம் கற்றது இங்கேதான். விவசாயிகள் மாநாட்டு மேடைக்கான கண்ணின் மணிகள் என்ற நாடகத்துக்கும் பாடல்கள் எழுதினார்.

புதுச்சேரியில் பாவேந்தர் பாரதிதாசனிடம் இருந்த நாட்கள் அவருடைய யாப்பைத் தீட்டின. பாவேந்தரின் குயில் இதழ்ப் பணியில் உதவினார். பாவேந்தரிடம் நேரில் காட்டக் கூச்சப்பட்டு, அகல்யா என்ற பெயரில் ஒரு கவிதையை அனுப்ப, யார் எழுதியது என்று தெரியாமலே பாவேந்தர் அதைப் பாராட்டினார் என்று சொல்வார்கள். கடிதம் எழுத உட்கார்ந்தால் தாளின் தலைப்பில் ஆசிரியரான பாவேந்தருக்கு வாழ்த்து எழுதிவிட்டே தொடங்குவாராம். 1957-இல் கௌரவம்மாளை அவர் மணந்தபோது பாரதிதாசனே தலைமை ஏற்று நடத்திவைத்தார்.

சென்னை

சென்னையில் ராயப்பேட்டையில் தங்கினார். நடிகர் ஓ. ஏ. கே. தேவர், ஓவியர் கே. என். ராமச்சந்திரன் ஆகியோர் அறைத் தோழர்கள். திரைக்கு அவர் முதலில் எழுதியது படித்த பெண் படத்துக்கு. முதலில் திரைக்கு வந்ததோ 1955-இல் வெளியான மகேஸ்வரி.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த பாசவலை (1956) அவருக்கு வழி திறந்தது. கிராமத்திலிருந்து வந்த இந்தப் புதியவரின் பாட்டை முதலில் பொருட்படுத்தாமல் விட்டதையும், பின்பு தாளை வாங்கிப் படித்து வியந்துபோனதையும் இசையமைப்பாளர் எம். எஸ். விஸ்வநாதன் சொல்லியிருக்கிறார். ஆட்டுக்குட்டியில் தொடங்கி, ஒருவரிடமிருந்து தப்பியவர் அடுத்தவர் வாயில் விழும் சங்கிலியை விளையாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே போய், சாவில் கொண்டுபோய் நிறுத்தும் பாட்டு அந்தப் படத்தில் இருக்கிறது. குளக்கரைக் கெண்டைக் குஞ்சுக்கு இது தம்பி முறை.

அதன் பிறகு ரங்கோன் ராதா, சக்கரவர்த்தித் திருமகள், அம்பிகாபதி, புதையல், மகாதேவி, பதிபக்தி, உத்தமபுத்திரன், நாடோடி மன்னன், தங்கப்பதுமை என்று வரிசையாக வந்தன. 1959 ஏப்ரலில் வெளியான கல்யாணப் பரிசு ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். ஏ. எம். ராஜா இசையமைத்த அந்தப் படத்தின் பாடல்கள் எல்லாம் கல்யாணசுந்தரத்தின் கைவண்ணம். உடுமலை நாராயணகவி, தஞ்சை ராமையாதாஸ், மருதகாசி, கண்ணதாசன் என்று பெரியவர்கள் நிறைந்திருந்த களத்தில் முப்பது வயதுகூட நிரம்பாத ஒருவர் பெற்ற இடம் இது.

கூலியை விட்டுக்கொடுக்காதவர் என்பதற்கும் ஒரு கதை வழங்குகிறது. எழுதிய பாட்டுக்குப் பணம் கேட்கப் போனவரை ஒரு படமுதலாளி நிற்க வைத்தார். நான்கு வரி வெஞ்சினத்தோடு எழுதி மேசைமேல் வைத்துவிட்டு இவர் வந்துவிட்டார்; படித்தவர் பதறிப் பணத்தை அனுப்பிவைத்தார். செய்த வேலைக்கு வாங்க வேண்டியதை வாங்கு என்று ஊருக்குச் சொன்னவர், தன் விஷயத்திலும் அப்படியே நடந்துகொண்டார்.

பாட்டின் கட்டுமானம்

கல்யாணசுந்தரத்துக்கு முன்பும் ஏழையைப் பாடியவர்கள் உண்டு. பெரும்பாலும் இரக்கப்பட்டுப் பாடினார்கள். இவர் பாட்டில் ஏழை தன் நிலைமையைத் தானே அலசுகிறான். நாடோடி மன்னன் (1958) படத்தில் வரும் உழவர் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். விளைச்சல் இவ்வளவு இருந்தும் நமக்கு மிஞ்சியது என்ன என்று பெண் கேட்கிறாள். ஆண் விடை சொல்கிறான். அவள் விடவில்லை, அடுத்த கேள்வியைப் போடுகிறாள். ஏற்றம் இறைப்பவர்களும் நடவு நடுபவர்களும் எதிரெதிராகப் பாடும் பழைய முறைதான். ஆனால் ஒப்பாரியாக முடியவேண்டிய இடத்தில் அது முடிவதில்லை. சட்டம் இயற்றுவது வரை போகிறது. பண்ணையாள் சட்டம் வந்து ஆறே ஆண்டுகள் ஆன தஞ்சைக்காரரின் பாட்டு அது என்று நினைவில் வைத்துக் கேட்டால் அதன் எடை தெரியும்.

இரும்புத்திரை (1960) ஆலைத் தொழிலாளர் கதை. அதில் சம்பள நாளைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. மாதம் முழுக்க உழைத்தவன் கூலியை வாங்குகிறான். கடன்காரன் கணக்கு நோட்டோடு வாசலில் நிற்கிறான். வீட்டில் காத்திருப்பவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தவிக்கிறான். நகைச்சுவையாகத் துள்ளும் மெட்டு. எண்ணி எண்ணிப் பார்த்தவருக்கே அந்தக் கணக்கின் வலி தெரியும். பட்டினப்பாக்கத்து மீனவர் குடும்பத்தில் முன்பணம் வாங்கிக் கடலுக்குப் போகிறவருக்கு இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

அரசிளங்குமரியில் (1961) ஏற்றப்பாட்டையே நேராகத் திரைக்குக் கொண்டுவந்தார். அதே படத்தில் சிறுவனுக்குச் சொல்லும் புத்திமதிப் பாடல் தமிழர் வீடுகளில் பாடமாகவே ஆகிவிட்டது. மரத்தில் பேய் இருக்கிறது என்று பயமுறுத்துபவர் பேச்சை நம்பாதே என்று பகுத்தறிவில் தொடங்கி, தனியுடைமையால் வரும் கொடுமை தீரத் தொண்டு செய் என்று முடிகிறது. திருடாதே (1961) படத்தின் தலைப்புப் பாடலும் அப்படியே. திருடக் கூடாது என்பதோடு நிறுத்தியிருந்தால் அது நீதிநூல். இருப்பதெல்லாம் பொதுவாகிவிட்டால் பதுக்கும் வேலையே இருக்காது என்று வழியைக் காட்டுவதால்தான் அது கல்யாணசுந்தரத்தின் பாட்டு ஆகிறது.

கடினமான சொல்லைத் தேடி அவர் போகவில்லை. அதை எளிமை என்று மட்டும் சொன்னால் போதாது. ஒவ்வொரு அடியும் முந்தைய அடிக்குக் காரணமோ விளைவோ ஆகும்படி அடுக்குவார். இடையில் ஓர் அடியை உருவினால் பாட்டு சரியும். காதல் பாடல்களில் காலத்தின் வழக்கமான உவமைகளுக்குள் அவர் நின்றுவிட்ட இடங்கள் உண்டு. உழைப்பைப் பாடும்போது அப்படி ஓரிடம்கூட இல்லை.

மறைவும் பின்னும்

மூக்கடைப்புக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், தொடர்ந்து உடல்நலம் குன்றி, 8 அக்டோபர் 1959 அன்று சென்னையில் காலமானார். மகன் அப்போது கைக்குழந்தை. கண்ணதாசன் இரங்கற்பா எழுதினார். அந்த மாத இறுதியில் தீபாவளிக்கு வந்த பாகப்பிரிவினையில் அவர் பாடல்கள் ஒலித்தன. மேலே சொன்ன இரும்புத்திரை, அரசிளங்குமரி, திருடாதே மூன்றும் அவர் மறைந்த பிறகு வந்தவை. மக்கள் அவரை அதிகம் நினைவில் வைத்திருக்கும் பாடல்களில் பலவற்றைத் திரையரங்கில் மக்களோடு உட்கார்ந்து கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1981-இல் தமிழக அரசு பாவேந்தர் விருதை அறிவித்தது, முதலமைச்சர் எம். ஜி. ராமச்சந்திரன் கௌரவம்மாளிடம் அதை வழங்கினார். தன் முதலமைச்சர் நாற்காலியின் ஒரு கால் பட்டுக்கோட்டையாரின் பாடல்கள் என்று எம்.ஜி.ஆர். சொன்னதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. 1993-இல் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. பட்டுக்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் உள்ளிட்ட பதிப்பகங்கள் பாடல் தொகுப்புகளை வெளியிட்டிருக்கின்றன.

வானொலியும் தொலைக்காட்சியும் இந்தப் பாடல்களைத் தத்துவப் பாடல் என்ற வகையில் சேர்த்து, சித்தர் சாயலுள்ள நிலையாமைப் பாடல்களோடு ஒலிபரப்புகின்றன. அந்தப் பெயர் இவற்றுக்குப் பொருந்தவே இல்லை. நிலையாமை பேசும் பாட்டு வாழ்வை விட்டு விலகச் சொல்லும். இவர் பாட்டு கூலியைக் கேள், கணக்கைப் பார், ஒன்றுசேர் என்று சொல்லும். இவற்றை உழைப்பாளர் பாடல் என்று பெயர் சொல்லி, எழுதியவரின் பெயரோடும் ஆண்டோடும் ஒலிபரப்ப வேண்டும். நாட்டுடைமை ஆகிவிட்டதால் வரிகளை யாரும் அச்சிடலாம். தொழிற்சங்கங்களும் மீனவர் கூட்டுறவுகளும் சிறு நூலாக அடித்துத் தங்கள் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம்.