கர்ப்பிணியின் எடைக்கு எல்லை போட்ட கதை

கர்ப்பிணிப் பெண் எவ்வளவு எடை கூடலாம்? இந்தச் சாதாரணக் கேள்விக்கு மேற்கத்திய மருத்துவம் நூறு வருடங்களுக்கும் மேலாகப் பதிலை மாற்றி மாற்றிச் சொல்லி வந்திருக்கிறது.

1889-ல் ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் புரோக்கோவ்னிக், ரிக்கெட்ஸ் நோயால் இடுப்பெலும்பு குறுகிப்போன பெண்களுக்கு ஒரு பத்தியத்தைச் சொன்னார். மாவுச்சத்தும் தண்ணீரும் குறைவு, புரதம் அதிகம். குழந்தை சிறியதாக இருந்தால் பிரசவம் சுலபம் என்பது அவர் கணக்கு. சிசேரியன் என்றாலே தாயின் உயிருக்கு ஆபத்து என்றிருந்த காலம் அது, அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்தியம் நாளடைவில் ஆரோக்கியமான கர்ப்பிணிகள் மேலும் சுமத்தப்பட்டதுதான் வேதனை.

அடுத்த பயம் ப்ரீ-எக்லாம்ப்சியா. ரத்த அழுத்தம் ஏறும் இந்த நோயில் உடலில் நீர் கோத்து எடை திடீரென்று கூடும். எடைதான் நோயைக் கொண்டுவருகிறது என்று நினைத்த அமெரிக்க மருத்துவர்கள், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 15 முதல் 20 பவுண்டுக்கு மேல் கூடவே கூடாது என்று கண்டித்தார்கள். அதாவது சுமார் 7 முதல் 9 கிலோ. ஒல்லியானவருக்கும் அதே அளவு, குண்டானவருக்கும் அதே அளவு! இதனால் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கலாம் என்று 1970-ல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு எச்சரித்து, எல்லையை 20-25 பவுண்டாக உயர்த்தியது.

தாய் ஏற்கனவே எவ்வளவு எடை என்ற கேள்வி முறையாக உள்ளே வந்தது 1990-ல்தான். அமெரிக்க மருத்துவக் கழகம், கர்ப்பத்துக்கு முந்தைய பி.எம்.ஐ.யை வைத்துப் பெண்களைப் பிரித்தது. இரட்டைக் குழந்தைக்காரர்களுக்கு மட்டும் பிரிவே இல்லை, எல்லோருக்கும் பொதுவாக 35-45 பவுண்டு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இது சின்னக் குறை அல்ல. உடல் பருமன் உள்ள தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய், ப்ரீ-எக்லாம்ப்சியா, சிசேரியன், குழந்தை இறந்து பிறப்பது ஆகிய ஆபத்துகள் அதிகம். இரட்டைக் கர்ப்பம் என்றாலே ப்ரீ-எக்லாம்ப்சியா வாய்ப்பு ஒற்றைக் கர்ப்பத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. இரண்டும் சேர்ந்தால் சுமை கூடத்தான் செய்யும். போதாக்குறைக்கு, பருமனான பெண்களுக்கு உருவம் வேறுபட்ட இரட்டையர் உண்டாகும் வாய்ப்பே சற்று அதிகம்.

2009-ல்தான் கணக்கு திருந்தியது. பருமனான தாய்க்கு ஒரு குழந்தை என்றால் 5-9 கிலோ, இரட்டை என்றால் 11-19 கிலோ. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் போட்ட 7-9 கிலோ எல்லை, கடைசியில் பருமனானவர்களுக்கு மட்டும் ஓரளவு பொருந்திப் போனது வேடிக்கைதான்! இரட்டையருக்கான எண்களைக் கழகமே தற்காலிகமானவை என்றுதான் குறிப்பிட்டது. ஒல்லியான தாய்க்கு இரட்டை என்றால் என்ன அளவு என்ற கட்டத்தில், போதிய தகவல் இல்லாததால் எண்ணே போடவில்லை.