பூஜாங் பள்ளத்தாக்கில் சைக்கிள் பயணம்

மாணவர்களே, கடாரத்தைப் பாடநூலில் படித்தால் மட்டும் போதுமா? கெடா, மெர்போக் வட்டாரக் கம்போங் சாலைகளில் சைக்கிள்ல போய்ப் பாருங்க. ஜெராய் மலையடிவாரம், வயல்வெளி, ஆறு. கார்ல போனா பெயர்ப்பலகை கண்ணுல படாது. சைக்கிள்ல நின்னு படிக்கலாம்.

'பெங்காலான் பூஜாங்' என்றொரு கிராமம். பெங்காலான் என்றால் படகுத்துறை. இன்று அங்கே வணிகக் கப்பல் இல்லை. ஆனால் சீனப் பீங்கான் துண்டுகளும் மணிகளும் அம்மண்ணில் கிடைத்துள்ளன. ஆக, ஊர்ப்பெயரும் வரலாற்றுச் சான்றே. 1025-இல் இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரம் இவ்வட்டாரமே என்பர் ஆய்வாளர்.

2013-இல் சுங்கை பத்துவில் பழைய சண்டி (கோயில்) ஒன்றின் எச்சம் மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது. கட்டடம் போனால் திரும்பாது. ஆசிரியர்களே, எஞ்சியதை மாணவர்கள் நேரில் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும்.